வேலையற்ற நாட்களின் செலவும் சாகுபடிக் கணக்கும்

(பரளச்சிப் பிரதேசத்துப் புன்செய் விவசாயிகளுக்கு)

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழி தமிழ்நாட்டுக் கிராமங்களில் யாவரும் அறிந்ததே. கணக்குப் பார்ப்பதனால் பயனில்லை என்பதற்கு இதனை மேற்கோள் காட்டுவோர் பலர். ஆயினும், உழக்கு ஏன் மிஞ்சவில்லை என்பதைக் கண்டுகொள்வதற்குக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை. விதை, உரம், களையெடுப்புக் கூலி ஆகியவற்றிற்குக் கையிலிருந்து கொடுத்த ரொக்கத்தைப் பெரும்பாலான சம்சாரிகள் நினைவில் வைத்திருக்கின்றனர். கணக்கில் ஏறாமல் நழுவிவிடுவது வேறொரு செலவு. மாடு தொழுவத்தில் நின்ற நாட்களும், டிராக்டர் கொட்டகையில் நின்ற நாட்களும், பண்ணையாளும் வீட்டாரும் மழையை எதிர்பார்த்துக் காத்திருந்த நாட்களும் செலவில்லாத நாட்களல்ல. அந்நாட்களின் செலவை எந்தப் பயிரின் மீது, எவ்வளவு, எம்முறையில் ஏற்றுவது என்பது இங்கே விளக்கப்படுகிறது.

கரிசல் காட்டின் வேலைக் காலம்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த பரளச்சியும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். இப்பகுதி 1985-ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவ மழையே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது. பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி, கொத்தமல்லி, மிளகாய் ஆகிய யாவும் இம்மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன.

கரிசல் மண்ணின் இயல்பும் கவனிக்கத்தக்கது. பெருமழை பெய்தால் மண் களியாகிக் காலையும் கலப்பையையும் பற்றிக்கொள்ளும். சில நாட்கள் காட்டிற்குள் இறங்கவே இயலாது. காய்ந்துவிட்டாலோ இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையேயுள்ள பதம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாட்களுக்குள் ஊரிலுள்ள எல்லா ஏர்களும், எல்லா டிராக்டர்களும், எல்லா ஆட்களும் ஒருங்கே தேவைப்படுகின்றனர். பின்னர் களையெடுப்பிலும் அறுவடையிலும் மீண்டும் வேலை மிகுகிறது. மாசி, பங்குனியில் பருத்தியும் மிளகாயும் எடுத்து வருகையில் வேலை குறையத் தொடங்கி, சித்திரை முதல் ஆடி வரை பெரும்பாலான காடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன.

இந்நிலை இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 1926-இல் நியமிக்கப்பட்டு 1928-இல் அறிக்கை வெளியிட்ட இந்திய விவசாய ராயல் கமிஷன், இந்நாட்டு விவசாயிகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆண்டில் இரண்டு முதல் நான்கு மாதங்கள் வரை முற்றிலும் வேலையில்லை என்று கூறியது. 1950–51-இல் இந்திய அரசாங்கத்தார் நடத்திய முதலாவது விவசாயத் தொழிலாளர் விசாரணையில், அன்றாடக் கூலி வேலை செய்யும் ஆண்கள் ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்களே கூலி வேலை பெற்றனர் என்று காணப்பட்டது. ஆகவே வேலையற்ற நாட்கள் புன்செய் விவசாயத்தில் எதிர்பாராது நேரும் விபத்தல்ல. அவை அத்தொழிலின் அங்கமாகவே இருந்து வருகின்றன. அங்கமானதொன்றைக் கணக்கிலிருந்து விலக்குதல் முறையாகாது.

வழக்கத்திலுள்ள மூன்று பிழைகள்

முதலாவது பிழை, சொந்த மாட்டிற்கும் சொந்த உழைப்பிற்கும் செலவே எழுதாமல் விடுவது. "வீட்டு மாடு, வீட்டு ஆள்; இதற்கென்ன கூலி?" என்று கேட்பவர் இப்பிழையைச் செய்கிறார். இக்கணக்கில் எல்லாப் பயிரும் லாபமாகவே தோன்றும். ஆண்டு முடிவில் கடன் ஏன் ஏறியது என்பது மட்டும் விளங்காது.

இரண்டாவது பிழை, ஆண்டுச் செலவை 365-ஆல் வகுத்து ஒரு நாளுக்குரிய செலவைக் கண்டு, வேலை செய்த நாட்களுக்கு மட்டும் அதனைப் பயிரின் மீது எழுதுவது. இது முறையான கணக்குப் போலத் தோன்றுவதால் முதற்பிழையைவிட அதிகமாக ஏமாற்றுகிறது. வேலையற்ற நாட்களின் செலவு இக்கணக்கில் எவ்விடத்திலும் வந்து சேராது.

மூன்றாவது பிழை, ஆண்டுச் செலவு முழுவதையும் முக்கியப் பயிரொன்றின் தலையில் சுமத்துவது. கரிசல் காட்டில் இச்சுமை பெரும்பாலும் பருத்தியின் மேல் விழுகிறது. மற்றப் பயிர்கள் சுமையின்றி லாபமாகவும், பருத்தி மட்டும் நஷ்டமாகவும் காணப்படும். இத்தகைய கணக்கை நம்பிப் பருத்தியைக் கைவிடுபவர், மாட்டின் செலவு அதனால் ஒரு காசும் குறையாததை அடுத்த ஆண்டிலே காண்பார். அப்போது அச்சுமை உளுந்தின் மேல் விழும். அதுவும் நஷ்டமாய்த் தோன்றும். இவ்வாறு பயிர்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, முடிவில் காட்டைச் சீமைக் கருவேலுக்கு விட்டுவிட நேரும்.

சரியான கணக்கு: ஒரு ஜோடி மாடு

டிராக்டர் பெருகிய பின்னர் ஜோடி மாடு வைத்திருப்போர் குறைந்துவிட்டனர். எனினும் கணக்கின் வழியை விளக்குவதற்கு அதுவே எளிய உதாரணமாகும். 15 ஏக்கர் புன்செய் உடைய சம்சாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தம் தம் செலவை இவற்றின் இடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கூளம், சோளத்தட்டை — ரூ. 30,000
பருத்தி விதை, பிண்ணாக்கு, தவிடு — ரூ. 18,000
மாடு பராமரிக்கும் ஆளின் உழைப்பு — ரூ. 24,000
தேய்மானம் — ரூ. 8,000
முதலுக்கு வட்டி — ரூ. 6,000
லாடம், மருந்து, கயிறு, கலப்பை பழுது — ரூ. 4,000
ஆக மொத்தம் — ரூ. 90,000
சாண எருவின் மதிப்பைக் கழிக்க — ரூ. 6,000
நிகர ஆண்டுச் செலவு — ரூ. 84,000

தேய்மானம் என்பது மாட்டின் விலை ஆண்டுதோறும் குறைந்து வருவதாகும். 90,000 ரூபாய்க்கு வாங்கிய ஜோடியை 6 ஆண்டுகள் உழுது 42,000 ரூபாய்க்கு விற்பதாயின், இடையிலுள்ள 48,000 ரூபாயை 6-ஆல் வகுக்க, ஆண்டுக்கு 8,000 ரூபாய் வருகிறது. வைக்கோலும் தட்டையும் சொந்தக் காட்டில் விளைந்தவையாயினும் அவற்றிற்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய விலையை எழுதுதல் வேண்டும்.

இந்த 84,000 ரூபாயை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 230 ரூபாய் வரும். இரண்டாவது பிழையைச் செய்பவர் இத்தொகையையே ஏர்ச் செலவாகக் கருதுகிறார். அந்த ஜோடி ஆண்டில் உழவிலும் வண்டியிலும் 70 நாட்கள் மட்டுமே வேலை செய்திருந்தால், பயிர்களின் மேல் அவர் எழுதுவது சுமார் 16,100 ரூபாயே. எஞ்சிய 67,900 ரூபாய் எங்கே போயிற்று? மாடு தின்றது உண்மை. விலை குறைந்தது உண்மை. அச்செலவைத் தாங்க வேறு வருமானமில்லை. வேலை செய்த 70 நாட்களே மற்ற 295 நாட்களுக்கும் தீனி போட வேண்டும். ஆகையால் ஆண்டுச் செலவை வேலை நாட்களால் வகுப்பதே முறை. 84,000-ஐ 70-ஆல் வகுக்க, ஏர் நாள் ஒன்றுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. ஏரோட்டும் ஆளின் கூலி இதற்குப் புறம்பானது.

அதே ஜோடி 105 நாட்கள் வேலை செய்தால் நாளொன்றுக்கு 800 ரூபாயும், 140 நாட்கள் வேலை செய்தால் 600 ரூபாயும் ஆகும். வேலை மிகுந்தால் தீனிச் செலவு சிறிது கூடுமாயினும், நாட்செலவு பெரிதும் தாழ்வதில் ஐயமில்லை.

இயல்பான ஓய்வும் எதிர்பாராத முடக்கமும்

வேலையற்ற நாட்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கோடையில் காடு காய்ந்து கிடக்கும் நாட்கள், மழையால் காட்டில் இறங்க முடியாத நாட்கள், பண்டிகைகள், மாட்டிற்கு அளிக்க வேண்டிய ஓய்வு ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. எவ்வளவு திறமையுடையவராலும் இவற்றை முழுவதும் நீக்க முடியாது. இவை இயல்பான ஓய்வாகும். விதைப்பு வாரத்தில் கலப்பை முறிந்து கொல்லனுக்காகக் காத்திருப்பதும், மாட்டிற்கு நோய் கண்டு நின்றுவிடுவதும், விதை வாங்கி வைக்காததால் பதம் தவறுவதும் வேறு வகையானவை. இவற்றை எதிர்பாராத முடக்கம் எனலாம்.

ஆலைகளில் இவ்வேறுபாடு நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வருகிறது. அருப்புக்கோட்டை நூற்பாலை போன்ற ஒரு தொழிற்சாலையில், ஆட்கள் இயந்திரத்தண்டை வந்து சேரவும், வேலை மாறவும், இயந்திரத்தைத் துடைக்கவும் ஆகும் நேரம் இயல்பான ஓய்வாகக் கருதப்பட்டு, அதற்குரிய கூலி நூலின் அடக்கவிலையில் சேர்க்கப்படும். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டாலோ, இயந்திரம் பெரும் பழுதடைந்தாலோ, அதனால் வீணான கூலி அடக்கவிலையில் சேராது. நஷ்டமெனத் தனியே எழுதப்படும். இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனம் வகுத்துள்ள நெறிகளும், இயல்புக்கு மாறான செலவை அடக்கவிலையில் சேர்த்தல் ஆகாது என்றே விதிக்கின்றன. இதன் கருத்து எளியது. விபத்தின் செலவைப் பயிரின் மேல் ஏற்றினால் பயிர் கெட்ட பயிராகத் தோன்றும். உண்மையில் கெட்டிருந்தது கலப்பையே.

மேற்கூறிய சம்சாரி மூன்று ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதி, தம் ஜோடிக்கு இயல்பாக ஆண்டில் 75 நாட்கள் வேலை கிடைப்பதை அறிந்திருக்கிறார் என்று கொள்வோம். அப்போது ஏர் நாளின் இயல்பான செலவு 84,000-ஐ 75-ஆல் வகுக்க வரும் 1,120 ரூபாயாகும். இவ்வாண்டு புரட்டாசியில் 5 நாட்கள் முடங்கியதால் 70 நாட்களே வேலை நடந்தது. அவர் கணக்கு எழுத வேண்டிய முறை பின்வருமாறு:

பருத்தி, 6 ஏக்கர், 30 ஏர் நாள் — ரூ. 33,600
உளுந்து, 4 ஏக்கர், 12 ஏர் நாள் — ரூ. 13,440
குதிரைவாலி, 5 ஏக்கர், 16 ஏர் நாள் — ரூ. 17,920
வண்டி வேலை, 12 நாள் — ரூ. 13,440
எதிர்பாராத முடக்கம், 5 நாள் — ரூ. 5,600
ஆக மொத்தம் — ரூ. 84,000

ஒரு ரூபாயும் கணக்கிலிருந்து தவறவில்லை. பருத்திக்கு ஏக்கருக்கு 5,600 ரூபாய் ஏர்ச் செலவு ஆகியிருக்கிறது. முழுத் தொகையையும் பருத்தியின் மேல் சுமத்தியிருந்தால் ஏக்கருக்கு 14,000 ரூபாய் எனக் காட்டியிருக்கும். முடக்கத்தால் நேர்ந்த 5,600 ரூபாயும் கண்முன் தனியே நிற்கிறது. ஆவணியிலேயே கலப்பையைச் செப்பனிட்டு வைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அவ்வொரு வரி அவருக்கு உணர்த்தும். பதம் தவறியதால் குறைந்த மகசூல் இதற்கும் மேலான நஷ்டமாகும்.

ஓய்வுச் செலவை விலக்க வேண்டிய இடம்

மேற்கண்ட 1,120 ரூபாயை எல்லாக் கேள்விக்கும் விடையாகக் கொள்வதும் தவறாகும். கோடை மழை பெய்து, பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் கோடை உழவிற்காக 8 நாட்களுக்கு ஜோடியைக் கேட்கிறார். ஏரோட்ட ஆள் அவருடையது. நாளொன்றுக்கு 500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கே 1,120 ரூபாய் ஆகிறது, 500-க்கு எப்படி விடுவேன்?" என்று சம்சாரி மறுப்பாராயின், அவர் தம் கணக்கினாலேயே நஷ்டமடைகிறார். அந்த 8 நாட்களும் மாடு தொழுவத்தில் நிற்கப் போகிறது. தீனியும் தேய்மானமும் எவ்வாறாயினும் ஆகிவிடும். வேலைக்கு விடுவதால் கூடுதலாக ஆவது அதிகத் தீனியும் லாடத் தேய்வும் மட்டுமே. அது நாளொன்றுக்கு 150 ரூபாய் என்று கொண்டால், நாளுக்கு 350 ரூபாய் வீதம் 8 நாட்களில் 2,800 ரூபாய் மிஞ்சுகிறது. மறுத்தால் அந்த 2,800 ரூபாயும் இல்லை.

இதே கேட்பு புரட்டாசியில் வந்தால் விடை வேறாகும். அப்போது மாடு சும்மா நிற்கவில்லை. சொந்தக் காடு காத்திருக்கிறது. பதமான ஒரு நாளைப் பிறருக்குக் கொடுத்து, தம் விதைப்பைப் பிந்தவிடுவதால் ஏற்படும் மகசூல் குறைவு வாடகையைவிடப் பன்மடங்காகலாம். எனவே, பயிர் ஆண்டு முழுமைக்கும் தாங்குமா என்று பார்க்கும்போது ஓய்வுச் செலவைச் சேர்க்க வேண்டும். சும்மா நிற்கும் காலத்தில் கிடைக்கும் ஒரு சிறு வேலையை ஏற்பதா, மறுப்பதா என்று பார்க்கும்போது அதனை விலக்கிக் கூடுதல் செலவை மட்டும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் குழப்புவதால் கோடை வருமானத்தை இழப்போர் பலர். அந்த 8 நாள் வேலை ஆண்டுதோறும் நிலைத்துவிடின், மொத்தச் செலவு 85,200 ரூபாயாகவும் வேலை நாள் 83 ஆகவும் ஆகி, ஏர் நாளின் செலவு ஏறக்குறைய 1,027 ரூபாயாகத் தாழும்.

டிராக்டர்: வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

மாட்டிற்குச் சொன்னது டிராக்டருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மாடு நின்றாலும் சாணம் தரும். நிற்கும் டிராக்டர் வட்டியை மட்டுமே தரும். வட்டி, தேய்மானம், காப்பீடு, கொட்டகை முதலியவை ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவுகள். இவை ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்றும், டீசல், மசகெண்ணெய், ஓட்டுநர் கூலி, ஓட்டத்தால் வரும் பழுது ஆகியவை மணிக்கு 500 ரூபாய் என்றும் உதாரணமாகக் கொள்வோம்.

ஆண்டில் 300 மணி ஓடினால் — மணிக்கு ரூ. 1,100
ஆண்டில் 600 மணி ஓடினால் — மணிக்கு ரூ. 800
ஆண்டில் 900 மணி ஓடினால் — மணிக்கு ரூ. 700

ஊரில் வாடகை மணிக்கு 1,000 ரூபாயாயின், 360 மணிக்குக் குறைவாக ஓட்டுபவர் சொந்த டிராக்டரால் நஷ்டமடைகிறார். ஓட்டத்திற்கான 500 ரூபாய் போக மணிக்கு மிஞ்சும் 500 ரூபாயால் 1,80,000-ஐ வகுக்க வருவது இந்த 360. பதினைந்து ஏக்கர் புன்செய்க்கு ஆண்டில் இவ்வளவு மணி வேலை இராது. ஆகவே கடன் வாங்கி டிராக்டர் வாங்க எண்ணுபவர், மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று கேட்பதற்கு முன், தம் காட்டிலும் பிறர் காட்டிலுமாக எத்தனை மணி வேலை உறுதியாகக் கிடைக்கும் என்று எழுதிப் பார்த்தல் நலம். தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையினர் டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகின்றனர். பல சம்சாரிகள் கூடி ஒரு கருவியை வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

எனினும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கரிசல் காட்டில் பதம் சில நாட்களே நிற்பதால், அந்த வாரத்தில் வாடகைக் கருவிக்குப் பலர் போட்டியிடுவர். சொந்தக் கருவி உடையவர் பதத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஓய்வுச் செலவில் ஒரு பகுதி, வேண்டிய நாளில் கருவி ஆயத்தமாயிருப்பதற்குக் கொடுக்கும் விலையாகும். விதைப்பு ஒரு வாரம் பிந்தினால் எத்தனை குவிண்டால் குறையும் என்பதைத் தம் காட்டின் அனுபவத்தில் அறிந்தவர், அவ்விலை தகுமா என்பதைத் தாமே தீர்மானிக்கலாம்.

மனித உழைப்பு

அன்றாடக் கூலிக்கு ஓய்வு நாளின் செலவு சம்சாரியின் கணக்கில் வருவதில்லை. அது கூலியாளின் குடும்பத்தின் மேல் விழுகிறது. விதைப்பிலும் களையெடுப்பிலும் கூலி உயர்ந்து நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வேலை கிடைக்கும் நாட்களின் கூலியைக் கொண்டே வேலையில்லாத நாட்களையும் அவர்கள் கடத்தியாக வேண்டும். ஆண்டுச் சம்பளத்திற்கு அமர்த்திய பண்ணையாளின் ஓய்வு நாட்களோ உடையவரின் கணக்கில் விழுகின்றன. அவருக்குக் கொடுக்கும் சம்பளம், தானியம், துணி ஆகியவற்றின் மதிப்பை, மாட்டிற்குக் கண்டதைப் போலவே, அவர் வேலை செய்த நாட்களால் வகுத்தல் வேண்டும்.

வீட்டாரின் உழைப்பே மிகுந்த கவனத்திற்குரியது. ஒரு சம்சாரிக்கு ரொக்கச் செலவெல்லாம் போக ஆண்டில் 66,000 ரூபாய் மிஞ்சியதாகக் கொள்வோம். அவர் காட்டில் உழைத்தது 110 நாட்கள். நாளொன்றுக்கு 600 ரூபாய் எனக் கண்டு அவர் மகிழலாம். ஆனால் மழை வருமென்றும், பதம் வருமென்றும், காய்ந்த மிளகாய்க்குக் காவல் வேண்டுமென்றும் அவர் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்த நாட்கள் மேலும் 110. காடு அவரைக் கட்டி நிறுத்தியது 220 நாட்கள். 66,000-ஐ 220-ஆல் வகுக்க, உண்மையான நாள் வருமானம் 300 ரூபாயே. எஞ்சிய 145 நாட்களில் அவர் கரிமூட்டத்திற்கோ, கட்டட வேலைக்கோ, தறிக்கோ சென்று சம்பாதித்திருந்தால், அந்நாட்கள் காட்டின் ஓய்வுச் செலவாகா. காத்திருந்த நாளையும் வேறு வேலைக்குச் சென்ற நாளையும் பிரித்து எழுதாத கணக்கில் இவ்வுண்மை புலப்படாது.

அரசாங்கத்தார் தொகுக்கும் சாகுபடிச் செலவுக் கணக்கிலும் இதனை நோக்க வேண்டும். 1965-இல் விவசாய விலைக் கமிஷனாகத் தோன்றி, 1985 முதல் வேளாண் செலவு விலைக் கமிஷன் என வழங்கும் அமைப்பு, குறைந்தபட்ச ஆதரவு விலைகளைச் சிபாரிசு செய்கிறது. அதற்கு ஆதாரமான செலவு விவரங்கள் 1970–71-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்த் திரட்டப்படுகின்றன. சொந்த மாட்டின் வேலைக்கு அத்திட்டத்தில் பராமரிப்புச் செலவை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிடுகின்றனர். தீனி, தேய்மானம், பராமரிக்கும் உழைப்பு யாவும் அதில் சேரும். வீட்டாரின் உழைப்பிற்கோ, பயிரில் உழைத்த நேரத்திற்குக் கூலி விகிதப்படி மதிப்பிடுகின்றனர். அவர்கள் காத்திருந்த நாட்களுக்கு அதில் இடமில்லை. 2018–19-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஆதரவு விலை செலவைப்போல் ஒன்றரை மடங்காயினும் இருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அவ்விடத்துச் செலவு என்பது ரொக்கச் செலவும் வீட்டார் உழைத்த நேரத்தின் மதிப்பும் சேர்ந்ததேயாகும். பருத்திக்கும் உளுந்திற்கும் ஆதரவு விலை உண்டு. குதிரைவாலிக்கும் கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் அப்பட்டியலில் இடமில்லை. ஆகவே காத்திருப்பின் செலவை அரசாங்கக் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்று எண்ணாமல், சம்சாரியே எழுதி வைத்தல் அவசியம்.

ஓய்வு நாட்களைக் குறைக்கும் வழிகள்

கணக்கெழுதுவது ஓய்வைக் குறைப்பதற்கே. கோடை மழை ஈரத்தில் கோடை உழவு செய்தால் புரட்டாசியின் நெருக்கடி குறையும். சும்மா நிற்கும் ஏருக்கும் வேலை கிடைக்கும். மழைக்குச் சற்று முன்னரே புழுதியில் விதைக்கும் முறை கரிசல் நிலங்களுக்குச் சிபாரிசு செய்யப்படுகிறது. கோவில்பட்டியில் 1901-இல் தோன்றிய விவசாய ஆராய்ச்சிப் பண்ணை கரிசல் சாகுபடியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதாகும். இம்முறையால் விதைப்பு வேலை ஒரே வாரத்தில் குவியாமல் பரவுகிறது. எழுபது நாட்களில் முதிரும் உளுந்தையும், ஐந்து மாதமளவும் நிற்கும் பருத்தியையும் சேர்த்து வைத்துக்கொண்டால் அறுவடையும் பிரிந்து வரும். கோடையில் உரிய அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலைக் காட்டிற்கு அடிப்பது வண்டிக்கும் ஆளுக்கும் வேலை, நிலத்திற்கும் உரம்.

நாட்குறிப்பும் கிராம அலுவலர் கடமையும்

இதற்கெல்லாம் வேண்டுவது ஒரு சிறு நோட்டுப் புத்தகமே. தேதி, எந்தக் காடு, எந்தப் பயிர், ஏர் அல்லது டிராக்டர் எத்தனை மணி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, வேலையில்லையாயின் காரணம் என்ன ஆகியவற்றை ஒரு நாளைக்கு ஒரு வரியாக எழுதினால் போதும். ஏர் பெரும்பாலும் காலையில் மட்டும் ஓடுவதால், முழுநாள் என்று எழுதாமல் மணிக்கணக்காய்க் குறிப்பது மேல். காரணம் எழுதும் இடத்தில் "மழை", "காய்ச்சல்", "பழுது", "வேலையில்லை", "வெளி வேலை" என்று ஒரு சொல் எழுதினால் இயல்பான ஓய்வும் முடக்கமும் தாமே பிரிந்துவிடும். ஓர் ஆண்டுக் குறிப்பைக் கொண்டு முடிவு செய்யலாகாது. மழை மிகுந்த ஆண்டும் பொய்த்த ஆண்டும் அடங்க, மூன்று ஆண்டுகளின் சராசரியையே இயல்பாகக் கொள்ள வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர், வேளாண்மை உதவி அலுவலர் ஆகியோர்க்கும் இதில் பங்குண்டு. ஏக்கருக்கு இவ்வளவு பயிர்க்கடன் என்னும் அளவு மாவட்டந்தோறும் ஒரு தொழில்நுட்பக் குழுவினால் பயிர்வாரியாக நிர்ணயிக்கப்படுகிறது. அக்குழுவின் முன் வைக்கப்படும் செலவு விவரம், ஏர்ச் செலவை 365-ஆல் வகுத்த விவரமாயின், கடனும் குறைவாகவே அமையும். குறைந்த தொகையைச் சம்சாரி வெளியில் வட்டிக்கு வாங்குவார். ஊரில் நாட்குறிப்பு எழுதும் சம்சாரிகள் ஐந்தாறு பேராவது இருப்பின், அவர்களின் குறிப்பே வாய்மொழிக் கணக்கைவிட உறுதியான சான்றாகும். டிராக்டர்க் கடனுக்குச் சிபாரிசு செய்பவர்களும், விண்ணப்பதாரரின் நிலத்தின் அளவோடு, அவருக்குக் கிடைக்கக்கூடிய வேலை மணிகளையும் விசாரித்தல் முறையாகும்.

சுருங்கக் கூறின், ஆண்டுச் செலவை வேலை நாட்களால் வகுக்க வேண்டும். இயல்பான ஓய்வைப் பயிர்களின் மேல் வேலைக்குத் தக்கவாறு பகிர வேண்டும். முடக்கத்தைத் தனியே நஷ்டமாக எழுத வேண்டும். சும்மா நிற்கும் காலத்தில் வரும் வேலைக்குக் கூடுதல் செலவை மட்டும் பார்க்க வேண்டும். வரும் ஆடி மாதம் முதல் நாளிலேயே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குவோர், மூன்றாவது ஆனியில் தம் உழக்கு எந்த நாட்களில் சிந்திற்று என்பதைத் தம் கையெழுத்திலேயே காண்பர்.